தொண்ணூறு நாள் மனைவி

கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாகப் படியுங்கள்.

என் சித்தி மகளின் வீட்டுக்காரர் புதுச்சேரிக்காரர். 1962-இல் புதுச்சேரி சட்டப்படி இந்தியாவோடு இணைந்தபோது, எழுதிக் கொடுத்து பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொண்ட குடும்பம். தங்கையிடம் இருப்பது இந்தியப் பாஸ்போர்ட். அவருடைய அண்ணன் விட்டுப்போன சின்ன வீடு ஒன்று பிரான்ஸில் இருக்கிறது. இங்கே வெயில் கொளுத்தும் மாதங்களில் இருவரும் அங்கே போய்த் தங்குவார்கள்.

போன வருஷம் ஏப்ரல் 1 அன்று போய் இறங்கினார்கள். ஜூன் மூன்றாம் வாரம் மாப்பிள்ளை குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்தது. ஜூன் 29-ஓடு தங்கைக்கு 90 நாள் முடிந்துவிட்டது. கட்டிலில் கிடந்தவரைப் பக்கத்து வீட்டாரிடம் ஒப்படைத்துவிட்டு அழுதுகொண்டே விமானம் ஏறினாள்.

ஐந்தாம் வகுப்புக் கணக்குதான் இது. ஷெங்கன் நாடுகளில் எந்த 180 நாளை எடுத்தாலும் அதில் 90 நாள்தான் தங்கலாம். போகும் நாளும் திரும்பும் நாளும் கணக்கில் சேரும். ஏப்ரல் 1 முதல் ஜூன் 29 வரை இருந்தால், மறுபடி நுழைய செப்டம்பர் 28 ஆகிவிடும். 2025 அக்டோபர் 12 முதல் இந்த நாட்களைக் கணினியே எண்ணத் தொடங்கிவிட்டது.

ஊர்சுற்றப் போகிறவருக்கு இந்த விதி சரி. ஆனால் அந்த நாட்டுக் குடிமகனின் மனைவிக்கும் அதே அளவுகோலா? நம் டவுன்ஷிப்பில் வளர்ந்தவர்களுக்குத் தெரியும். குவார்ட்டர்ஸ் வேலை பார்ப்பவர் பெயரில்தான் இருக்கும். அதற்காக மனைவியை மூன்று மாதத்தில் காலி செய் என்று யாரும் சொன்னதில்லை. பிரான்ஸில் வீடு வைத்திருக்கும் பிரிட்டன்காரர்களுக்குத் தானாகவே நீண்டகால விசா கொடுக்க 2023-இல் அந்நாட்டு நாடாளுமன்றம் ஒரு பிரிவு சேர்த்தது. 2024 ஜனவரியில் அரசியலமைப்பு மன்றம் அதை நீக்கிவிட்டது. வீட்டுக்காகக் காட்டிய அந்தக் கரிசனத்தைத் தாலிக்கும் காட்டலாமே!

விருந்தாளியாக வந்து அங்கேயே தங்கிவிடுவார்கள் என்ற பயம் அவர்களுக்கு. நியாயம்தான். ஆனால் திருமணப் பதிவும் கணினிக் கணக்கும் கையில் இருக்கும்போது, குடிமகன் அங்கே இருக்கும் வரை துணையும் இருக்கலாம் என்று வைப்பதில் என்ன ஆபத்து?

நம் பக்கமும் சுத்தமில்லை. இந்தியரை மணந்த வெளிநாட்டு மருமகளுக்கு ஓசிஐ அட்டை வேண்டுமானால், பதிவான திருமணம் இரண்டு வருஷம் நிலைத்திருக்க வேண்டும். ஆனால் அட்டை கிடைத்தபின் நாள் எண்ண வேண்டியதில்லை. ஐரோப்பாவும் அந்த வழிக்கு வரட்டும்.

அதுவரை நீங்கள் ஏமாறாதீர்கள். 90 நாளுக்கு மேல் தங்குவதென்றால், கிளம்பும் முன்பே இங்கிருந்து அந்த நாட்டின் நீண்டகால விசாவுக்கு விண்ணப்பியுங்கள். அதில் தங்கும் நாட்கள் இந்த 90-இல் சேராது. அங்கே போனபின் ஆபத்து வந்தால், விசா முடியும் முன்பே மனிதாபிமானக் காரணம் காட்டி நீட்டிப்புக் கேட்கலாம். தங்கைக்கு அது தெரியவில்லை. எனக்கும் அப்போது தெரியாது. அந்த வருத்தத்தில்தான் இதை எழுதுகிறேன்.

மாப்பிள்ளை இப்போது கைத்தடியோடு நடக்கிறார். வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகள் உங்கள் அனுபவத்தைக் கீழே எழுதுங்கள். நாலு பேருக்கு உதவும்.