மீனுக்கு வயதென்ன?

அங்காடிக்குச் செல்கிறோம். மீனைப் புரட்டுகிறோம். செவுள் சிவந்திருக்கிறதா, கண் தெளிந்திருக்கிறதா, விலை படியுமா? கேள்விகள் இத்துடன் முடிந்தன. இதற்கு வயதென்ன என்று எவரேனும் கேட்டதுண்டா? கேட்டால் நகைப்பர், மீன் வாங்க வந்தாயா, மாப்பிள்ளை பார்க்க வந்தாயா என்பர்! ஆனால் தோழர்களே, கேட்கப்படாத அந்தக் கேள்விக்காகக் கடல் கட்டிய வட்டி கொஞ்சமன்று.

கல்லூரிப் படிப்பை இடையிலே விட்டுவந்தவனுக்கு விலங்கியல் எதற்கு என்று புருவம் நெறிப்போர் நெறிக்கட்டும். வலைக்கும் வயிற்றுக்கும் உள்ள உறவை அறியப் பட்டம் வேண்டியதில்லை.

மீனின் தலைக்குள்ளே சிறியதோர் சுண்ணக் கல் இருக்கிறது. செவிக்கல் என்பர். மீன் வளர வளர அதுவும் வளையம் வளையமாய் வளர்கிறது. அறுத்து, தேய்த்து, உருப்பெருக்கியின் கீழ் வைத்து எண்ணினால் மீனின் வயது தெரியும். மேடையிலே அரிதாரம் பூசினால் அறுபதை இருபதாக்கலாம். அந்த வித்தை எனக்குத் தெரியும். செவிக்கல்லிடம் அது பலிக்காது!

நியூசிலாந்துக் கடலிலே, ஆயிரம் மீட்டர் ஆழத்திலே, ஆரஞ்சு ரஃபி என்றொரு மீன். முழங்கை நீளம்கூட இராது. 1970களின் இறுதியிலே பெருங்கப்பல்கள் அதனைக் கண்டன. முட்டையிடக் கடலடி மலைகளின்மேல் கூட்டங்கூட்டமாய்த் திரண்ட வேளை பார்த்து வலை இறக்கின. அள்ளினர்; வெளிநாட்டு உணவு விடுதிகளுக்கு அனுப்பினர். விரைவில் வளரும், விரைவில் ஈடாகும் என்று கணக்குப் போட்டனர். செவிக்கல்லைக் கேட்டபோது வேறு கணக்கு வந்தது. கல்லிலே கலந்திருந்த ரேடியம் ஈயமாக மாறிய அளவைக்கொண்டு, 1991இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் வயதைச் சொன்னார்கள்: நூறாண்டைக் கடந்த மீன்களும் உண்டு! தாயாவதற்கே முப்பதாண்டு அளவில் ஆகும். தட்டிலே விழுந்த துண்டு, உண்டவனின் பாட்டனுக்கு மூத்தது! 2006இல் ஆஸ்திரேலிய அரசு அம்மீனைப் பாதுகாக்க வேண்டியவற்றின் பட்டியலிலே சேர்த்தது. அறிவு நடந்து வந்தது. இலாபமோ கப்பலேறி முன்னே போய்விட்டது.

நம் மத்தி அதற்கு நேர் எதிர். ஓராண்டுக்குள் பருவமெய்தும், இரண்டு மூன்று ஆண்டிலே வாழ்வு முடியும். வயிற்றைக் கீறினால் கண்ணுக்குத் தெரியாத நுண்பாசி. அந்தப் பாசி செழித்தால் மத்தி கரைக்கு வரும். பாசி பொய்த்தால் மத்தியும் பொய்க்கும். 2012இல் கேரளக் கரையிலே ஏறத்தாழ 3,90,000 டன் கிடைத்த மத்தி, 2021இல் 3,297 டன்னாய்ச் சுருங்கியது. கடல் சூடேறியதும் எல் நினோவும் ஒருபுறம். குஞ்சென்றும் பாராமல் அள்ளியது மறுபுறம். பத்துச் சென்டிமீட்டருக்குக் குறைந்த மத்தியைப் பிடிக்கலாகாது என்று 2015இல் கேரளம் விதி செய்தது. அந்தப் பத்து, எவரோ மனம்போனபடி சொன்ன பத்தன்று; மீனின் வளர்ச்சியை அளந்தவர் கண்ட எல்லை.

இங்கே? ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் கிழக்குக் கரையிலே விசைப்படகு கடலேறக் கூடாது. நன்று, தாய்மீன் பிழைக்கட்டும். ஆனால் தடை முடிந்த மறுநாள், விரல் நீளக் குஞ்சுகள் குவியல் குவியலாய்க் கரையேறி மீன்மாவு ஆலைக்குப் போனால், அந்த 61 நாளும் படகுத் தொழிலாளி வயிற்றைக் கட்டியது எவன் இலாபத்துக்கு? கோழித் தீவனத்துக்கும் இறால் பண்ணைக்குமா? வலை வீசுபவனுக்குத் தடை விதிக்கும் சட்டம், விலை பேசுபவனின் வாசலிலே ஏன் வாய் மூடி நிற்கிறது? குஞ்சைப் பிடித்தவனைத் தேடுவது போலவே, வாங்கியவனையும் தேடட்டும்!

1947இல் தோன்றிய மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிலையம், 1971இல் கொச்சிக்குப் போகும்வரை நம் மண்டபத்திலேதான் தலைமையிடம் கொண்டிருந்தது. வெப்பக் கடலிலே குளிர்காலம் இல்லாததால் ஆண்டு வளையம் மங்கலாகவே விழும். மாதந்தோறும் மீனை அளந்து அளந்து வளர்ச்சியைக் கணிக்கும் பொறுமை வேண்டும். அந்தப் பொறுமைசாலிகளை வணங்குகிறேன். அவர்கள் கண்டது ஆங்கில அறிக்கைக்குள் அடங்கிக் கிடந்தால் பயனென்ன? காசிமேட்டிலும் நாகையிலும் தூத்துக்குடியிலும் ஏலக்கூடத்துச் சுவரிலே, எந்த மீன் எத்தனை அங்குலத்தில் தாயாகிறது என்று தமிழில் எழுதிவைக்க எத்தனை படி சுண்ணாம்பு செலவாகும்?