ஐந்தாவது காரணம்

வருகிற தை மாதத்தில் பெண்ணுக்குக் கலியாணம், அதற்கடுத்த சித்திரையில் வீட்டுக்கு மாடி, மூன்று வருஷத்தில் மகனுக்கு அயல்நாட்டில் மேற்படிப்பு என்று நாம் ஒன்றன்பின் ஒன்றாகச் சொல்லிக்கொண்டு போகும்போது, அந்தத் தையும் சித்திரையும் நம் பெயருக்குக் கிரயமாகிப் பத்திரம் பதிவான மனைகள் என்பதுபோன்ற ஒரு தொனி நம் பேச்சில் தானாக ஏறிவிடுகிறது. நமக்கு முந்திய தலைமுறையாரிடம் இந்தத் தொனியைக் காண்பது அரிது. அவர்களும் திட்டமிட்டவர்கள்தாம், விதைநெல்லைக் கோட்டை கட்டி வைத்தவர்களும், பேரன் காலத்துக்கென்று புளியங்கன்று நட்டவர்களும், சீட்டுக் கட்டிப் பெண்ணுக்கு நகை சேர்த்தவர்களும் அவர்களே. ஆனால் நாளையைப் பற்றி வாய் திறக்கும்போதெல்லாம், இந்துவானால் ‘பகவத் சங்கற்பம் இருந்தால்’ என்றும், கிறிஸ்தவரானால் ‘கர்த்தருக்குச் சித்தமானால்’ என்றும், முஸ்லிமானால் ‘இன்ஷா அல்லாஹ்’ என்றும் ஒரு சொல்லை முன்னே வைத்துவிட்டுத்தான் மேலே பேசினார்கள். அந்தச் சொல் இன்று முற்றும் மறைந்துவிடவில்லை. கலியாணப் பத்திரிகையில் ஏதோ ஒரு ரூபத்தில் இன்னமும் அச்சாகிறது. மேடைப் பேச்சின் முடிவிலும் ஒலிக்கிறது. ஆயினும் சொல்லுகிறவர் மனத்தில் அதற்குரிய இடம் காலியாகிவிட்டது என்பதும், அந்த இடத்தை மீண்டும் நிரப்பாமல் நாம் போடுகிற எந்தத் திட்டமும் நம்மைக் கடைசிவரை தாங்காது என்பதும் என் திடமான அபிப்பிராயம்.

இதை ஒரு மதத்தின் தனிச்சொத்தாக எண்ண வேண்டியதில்லை. புதிய ஏற்பாட்டில் யாக்கோபு எழுதிய நிருபத்தின் நான்காம் அதிகாரத்தில், ஏதோ ஒரு பட்டணத்துக்குப் போய் அங்கே ஒரு வருஷம் தங்கி லாபம் சம்பாதிக்கப் போவதாக நிச்சயமாய்ப் பேசிக்கொள்ளும் வணிகர்கள் கண்டிக்கப்படுகிறார்கள். திருக்குர்ஆனின் பதினெட்டாம் அத்தியாயமாகிய ‘குகை’யில், நாளைக்கு ஒன்றைச் செய்யப்போவதாகச் சொல்லும்போது இறைவனின் நாட்டத்தைச் சேர்க்காமல் சொல்லலாகாது என்ற கட்டளை நபிகளுக்கே இடப்படுகிறது. இரண்டு இடத்திலும் பிரயாணமோ வியாபாரமோ, நாளைய காரியத்தை இன்றே எண்ணி வைப்பதோ தடுக்கப்படவில்லை. எண்ணுகிறவன் தன்னை மட்டுமே கணக்கில் வைத்துக்கொள்வதுதான் தடுக்கப்படுகிறது.

பகவத்கீதை இதை இன்னும் நுட்பமாகப் பிரித்துக் காட்டுகிறது. அதன் பதினெட்டாம் அத்தியாயத்தில், ஒரு காரியம் நிறைவேறுவதற்குரிய காரணங்கள் ஐந்து என்று எண்ணப்படுகின்றன: செயலுக்கு நிலைக்களமான அதிஷ்டானம், செய்கிற கர்த்தா, பலவகைக் கருவிகள், பலவகை முயற்சிகள், ஐந்தாவதாகத் தெய்வம். இந்த வரிசை என்னை நெடுங்காலமாக ஆட்கொண்டிருக்கிறது. தெய்வம் சேராமல் கணக்கு முடிவதில்லை. ஆனாலும் அது ஐந்தாவதாகத்தான் வருகிறது. முன்னுள்ள நான்கிலும் மனிதன் பார்க்க வேண்டிய வேலை அவ்வளவு இருக்கிறது. வள்ளுவரும் அறத்துப்பாலை ஊழ் என்ற அதிகாரத்தோடு முடித்து, அதன் வலிமைக்கு ஈடில்லை என்று நிலைநாட்டிவிட்டு, பொருட்பாலுக்குள் புகுந்தபின் ஆள்வினையுடைமை என்ற அதிகாரத்தில், தளராத முயற்சியுடையவன் அந்த ஊழையும் தோற்கச் செய்வான் என்கிறார். இது முன்னுக்குப்பின் முரணல்லவா என்று கேட்போர் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. மழையை நம்பி வயலில் இறங்குகிற எவனும் இவ்விரண்டையும் ஒரே நாளில் உண்மையென்று அறிகிறான்.

2018ஆம் வருஷம் நவம்பர் 16ஆம் தேதி விடியுமுன், நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையேறிய கஜா புயலை நினைத்துக்கொண்டே இதை எழுதுகிறேன். நாகூர் தர்காவும் வேளாங்கண்ணி ஆலயமும் வேதாரண்யேசுவரர் கோயிலும் ஒரே கடற்கரையில் நிற்கிற பிரதேசம் அது. பிரார்த்தனைக்குக் குறைவில்லாத பூமி. அங்கிருந்து மேற்கே, பட்டுக்கோட்டை, பேராவூரணி வட்டாரங்களில் தென்னை பெருகியதற்கு ஒரு சரித்திரம் உண்டு. மேட்டூர் அணைத் திட்டத்தோடு 1934இல் முடிந்த கல்லணைக் கால்வாய் அந்த நிலங்களுக்குக் காவிரியைக் கொண்டுவந்தது, நெல் விளைந்தது, பிறகு காவிரித் தண்ணீர் கடைமடைக்கு வந்து சேருவதே அநிச்சயமாகிவிடவே, ஆழ்குழாய்க் கிணறு இறக்கித் தென்னைக்கு மாறியவர் பலர். நெல்லை நம்ப முடியாது, தென்னை கைவிடாது என்று நிச்சயத்தைத் தேடித்தான் அவர்கள் மாறினார்கள். அதில் அவிவேகம் ஏதுமில்லை. நாட்டு நெட்டை மரம் காய்ப்புக்கு வர ஆறேழு வருஷம் பிடித்தாலும், வந்தபின் ஒரு மனிதனின் ஆயுசுக்குப் பலன் தரும். ஒன்றரை மாதத்துக்கு ஒரு வெட்டு. அந்த வெட்டுப் பணத்தை வைத்தே பள்ளிக்கூடக் கட்டணமும், கூட்டுறவுச் சங்கக் கடனின் தவணையும், மூத்தவளின் வளைகாப்பும் வகுக்கப்பட்டன.

அத்தனையும் ஒரே இரவில் சாய்ந்தன. புயலுக்குப் பிறகு அந்தப் பக்கம் போயிருந்தபோது, வேரோடு பெயர்ந்து கிடந்த மரங்களைக் காட்டிலும், நின்றுகொண்டிருந்த சில மரங்களே என் மனத்தை அதிகம் வருத்தின. தென்னைக்கு வளரும் முனை ஒன்றுதான். குருத்து போனால் மரம் போயிற்று. காற்று கொண்டையைப் பிடித்துத் திருகிவிட்டுப் போன மரம், வெளிப்பார்வைக்குப் பச்சை மட்டைகளோடு நிற்கும். உள்ளே குருத்து பிழைத்திருக்கிறதா என்பது வாரக்கணக்கில் பொறுத்திருந்து பார்த்தால்தான் தெரியும். மரத்துக்கு 600 ரூபாயும் அதை வெட்டி அகற்ற 500 ரூபாயும் என்று அரசாங்கம் நிவாரணம் அறிவித்திருந்தது. விழுந்த மரங்களை எண்ணிவிடலாம். இந்த மரங்களை எந்தக் கணக்கில் எழுதுவது? சொந்தக்காரர் ஒவ்வொரு நாளும் காலையில் போய் அண்ணாந்து பார்த்துவிட்டு, ஒன்றும் பேசாமல் திரும்பி வந்தார்.

அங்கேதான் எழுபதைத் தாண்டிய ஒரு பெரியவர், விழுந்த மரங்களை அப்புறப்படுத்திய இடத்தில் புதுக் குழி வெட்டிக்கொண்டிருந்தார். மூன்றடி ஆழம், மூன்றடி அகலம். பக்கத்தில் எருவும் மணலும் குவித்து வைத்திருந்தார். வைக்கப்போவது குட்டை ரகமன்று, பழைய நெட்டைதான். அது காய்ப்பதைத் தாம் பார்ப்போமா என்று அவரே எண்ணியிருப்பாரோ என்ற கேள்வி என் முகத்தில் தெரிந்திருக்க வேண்டும். “இந்தத் தோப்புதான் பேரனப் படிக்க வைக்கப் போவுதுன்னு நாங்க ஒரு கணக்குப் போட்டோம், தம்பி. சாமி வேற கணக்குப் போட்டுடுச்சு. அதுக்காவ இனிமே குழி வெட்டாதேன்னு அது சொல்லலியே” என்றார். கீதையின் ஐந்து காரணங்களுக்கு இதைவிட நேரான வியாக்கியானத்தை நான் எந்த உரையிலும் படித்ததில்லை. நிலம் இருக்கிறது, கர்த்தா அவர், மண்வெட்டி கருவி, வெட்டுவதும் நடுவதும் நீர் விடுவதும் முயற்சி. ஐந்தாவதற்கு அவர் உரிமை கொண்டாடவுமில்லை, அதைச் சாக்காக வைத்துக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்துவிடவுமில்லை.

சாக்காக வைத்துக்கொள்கிறவர்களைப் பற்றியும் சொல்லத்தான் வேண்டும்; ஏனெனில் தெய்வத்தின் பெயருக்கு நாத்திகர் செய்யும் பங்கத்தைவிட இவர்கள் செய்யும் பங்கமே பெரிது. வாங்கிய கடனைத் திருப்பும் நாள் கேட்டால் ‘கடவுள் விட்ட வழி’ என்பதும், பாலம் இடிந்தாலும் பேருந்து கவிழ்ந்தாலும் ‘விதி’ என்று கைவிரிப்பதும், ஐந்தாவது காரணத்தைத் தூக்கி முதல் நான்கையும் மறைக்கும் தந்திரங்கள். 2004 ஜூலை 16ஆம் தேதி கும்பகோணத்தில் பள்ளிக்கூடத் தீயில் 94 குழந்தைகள் மாண்டார்கள். அங்கே கூரை வேய்ந்த கொட்டகையைப் போட்டதும், குறுகிய படிக்கட்டைக் கட்டியதும், அதற்கு அனுமதி கொடுத்ததும் மனிதர்கள். அதை ஈசுவர சித்தம் என்று சொல்லும் நாக்கு பக்தியின் நாக்கன்று. மனிதன் தன் பங்கை முழுவதும் செய்து முடித்து, அதற்கு மேலும் மிஞ்சி நிற்கிற இருளின் முன்னால்தான் அந்தச் சொல்லை உச்சரிக்கும் உரிமை அவனுக்கு வருகிறது.

இவ்வளவும் பெரியவர்கள் சமாசாரம் என்று தள்ளிவிட முடியாதபடி, நம் குழந்தைகள் இதில் அகப்பட்டிருக்கிறார்கள். ஆறாம் வகுப்பிலேயே ‘ஃபவுண்டேஷன்’ வகுப்பில் சேர்க்கப்பட்டு, இன்ன வருஷத்தில் நீட், இன்ன வருஷத்தில் இன்ன கல்லூரி, அதன்பின் மேற்படிப்பு என்று பன்னிரண்டு வயதுக்குள் முப்பது வயது வரையிலான பாதை முழுவதும் வகுக்கப்பட்ட ஒரு பையனைப் பாருங்கள். அவனுடைய பெற்றோர் கெட்டவர்களல்லர். கொள்ளை அன்பினால்தான் செய்கிறார்கள். ஆனால் அந்தத் திட்டத்தில், அவர்கள் கைக்கு எட்டாத எதற்கும் இடமே வைக்கப்படவில்லை. ஆகவே தேர்வு நாளன்று வந்த காய்ச்சலும், ஐந்து மதிப்பெண் குறைவும், அவனுக்கு உள்ளபடியே வேறொன்றில் இருக்கிற பிரியமும் எல்லாம் குற்றங்களாகிவிடுகின்றன. யாரோ ஒருவர் தவறு செய்திருந்தாலொழிய இது இப்படி நடந்திருக்க முடியாது என்று வீடு முழுவதும் நம்பும்போது, அந்த யாரோ ஒருவர் தான்தான் என்று பையன் தீர்மானித்துக்கொள்கிறான். பரீட்சை முடிவுகள் வெளிவரும் நாட்களில் வருஷந்தோறும் நம் பத்திரிகைகளில் வருகிற துயரச் செய்திகளை வாசிக்கும்போதெல்லாம் என் நெஞ்சு பதறுகிறது. ‘நீ படி, மற்றதை ஆண்டவன் பார்த்துக்கொள்வான்’ என்று எழுத்தறியாத பாட்டி ஒருத்தி சொல்லிவந்ததில், பேரப்பிள்ளைக்கு இரண்டு அநுக்கிரகங்கள் இருந்தன: உழைக்க வேண்டிய கடமை அவனுக்கு உண்டு, முடிவின் பாரம் முழுவதும் அவன் தோளில் இல்லை. இவற்றுள் இரண்டாவதை நாம் அவனிடமிருந்து பிடுங்கிக்கொண்டோம். அதற்குப் பதிலாக எதையும் கொடுக்கவுமில்லை.

தெய்வத்தைத் திட்டத்தில் சேர்ப்பது நாக்கோடு நின்றுவிடக்கூடியதன்று என்பதற்கு நம் வியாபார சமூகங்களே சாட்சி. நாட்டுக்கோட்டை நகரத்தாரும் தென்பாண்டி நாடார்களும் மகமை என்று ஒரு பங்கை எடுத்து வைத்தார்கள். வருஷக் கடைசியில் லாபம் கண்டபின் மனமுவந்து கொடுக்கிற தர்மம் அன்று அது. சரக்குக் கைமாறும்போதே, லாபமோ நஷ்டமோ தெரியாத நிலையிலேயே, பொதுக் காரியத்துக்கென்று பிரிந்துவிடுகிற தொகை. தன் வியாபாரத்தில் தான் மட்டும் பங்காளியல்ல என்பதைப் பேரேட்டிலேயே எழுதிக் காட்டுகிற வழக்கம் அது. விருதுநகரில் க்ஷத்திரிய வித்தியாசாலை வளர்ந்தது மகமையினாலும், வீடுதோறும் பெண்கள் உலையில் இடுமுன் எடுத்து வைத்த பிடியரிசியினாலுந்தான். காமராஜர் படித்தது அந்தப் பள்ளியில். அந்த அரிசியை எடுத்து வைத்த தாய்மார், தங்கள் பிடியரிசி எந்தப் பையனுக்குப் போய்ச் சேரும், அவன் பிற்காலத்தில் என்ன ஆவான் என்று கணக்குப் பார்த்திருக்க வழியே இல்லை.

நாளை நமதல்ல என்று உள்ளபடியே நம்புகிறவர்கள் செய்ய வேண்டிய மற்றொரு காரியத்தை, நம்மில் பக்திமான்கள்கூடச் செய்வதில்லை. உயில் என்ற பேச்சை எடுத்தாலே அபசகுனம் என்று வாயைப் பொத்துகிறோம். தான் எந்த நேரமும் அழைக்கப்படலாம் என்று தினமும் பூஜையில் சொல்லுகிற மனிதர், வங்கியில் போட்ட பணத்துக்கு வாரிசு நியமனம் செய்யாமலே இருக்கிறார். எந்தக் கிளையில் எவ்வளவு இருக்கிறது என்பது வீட்டில் ஒருவருக்கும் தெரியாது. பத்து வருஷமாகக் கேட்பாரற்றுக் கிடந்து ரிசர்வ் வங்கிக்கு மாற்றப்பட்ட வைப்புத்தொகை, பொதுத்துறை வங்கிகளில் மட்டும், 2023 பிப்ரவரி வரையில் ஏறத்தாழ 35,000 கோடி ரூபாய். இதில் ஒரு பகுதியாவது, இருப்பதைச் சொல்லாமலே போய்விட்டவர்களின் பணமாக இருக்க வேண்டும். எங்கோ ஒரு விதவை தாலிக்கொடியை அடகு வைத்துக்கொண்டிருக்க, அவள் கணவன் சேர்த்த பணம் அவளுக்குத் தெரியாமல் வேறெங்கோ முடங்கியிருக்கும். உயில் எழுதத்தக்க பொருள் உடைய முஸ்லிம் ஒருவர், அது எழுதப்படாமல் இரண்டு இரவு கழிக்கலாகாது என்பது நபிமொழி. இந்துக்களுக்கும் கிறிஸ்தவர்களுக்கும், இரண்டு சாட்சிகள் முன்னிலையில் கையெழுத்திட்ட ஒரு தாளே சட்டப்படி உயிலாகும். அதைப் பதிவு செய்ய வேண்டுமென்ற கட்டாயம்கூட இல்லை. ஆகவே இந்த வாரத்திலேயே ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்து, தலைப்பில் பிள்ளையார் சுழியோ சிலுவையோ எழுநூற்றெண்பத்தாறோ அவரவர் வழக்கப்படி இட்டு, பட்டா எங்கே, காப்பீட்டுப் பத்திரம் எங்கே, வங்கிக் கணக்கு எத்தனை என்று மனைவியையும் பிள்ளைகளையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு எழுதுங்கள். வரவேண்டிய பாக்கிகளுக்கு முன்பாக, கொடுக்க வேண்டிய கடன்களை எழுதுங்கள்.