கட்டி என்றால் கத்தியா?

மார்பில் ஒரு கட்டி தட்டுப்பட்டால் நம் பெண்களுக்கு இரண்டே வழிகள் சொல்லப்படுகின்றன: வாயைத் திறக்காதே, அல்லது உடனே வெட்டி எறி. இரண்டையும் முடிவு செய்பவள் அவளல்ல.

ஊத்துக்கோட்டையிலிருந்து கல்லூரிக்கு வரும் என் மாணவிக்குப் பத்தொன்பது வயது. அவள் சம்மதத்தோடுதான் எழுதுகிறேன். “வெளியில சொல்லாதடி, நாளைக்கு எவன் கட்டிக்குவான்?” என்றார் அம்மா. எட்டு மாதம் மறைத்தாள். பிறகு ஒரு தனியார் மருத்துவமனையில், ஸ்கேன்கூட எடுக்காமல் அறுவைக்கு நாள் குறித்தார்கள். அப்பா கேட்ட ஒரே கேள்வி, “தழும்பு தெரியுமா டாக்டர்?” வெட்டி எடுத்த பிறகு வந்தது அறிக்கை: ஃபைப்ரோஅடினோமா, ஒன்றரை சென்டிமீட்டர். புற்றுநோய் அல்ல.

இளம்பெண்களின் மார்பில் வரும் கட்டிகளில் பெரும்பாலானவை இப்படித் தீங்கற்றவைதான். ஆனால் அதைத் தொட்டுப் பார்த்து மட்டும் சொல்லிவிட முடியாது. கைப் பரிசோதனை, ஸ்கேன், தேவைப்பட்டால் ஊசியால் சிறிது திசு எடுத்துச் சோதிப்பது என்பதே முறை. முப்பது வயதுக்குக் கீழ் முதலில் அல்ட்ராசவுண்ட். இளம் மார்பகத்தின் அடர்த்தியான திசு மேமோகிராமில் கட்டியை மறைத்துவிடும். அறிக்கையில் ‘பைராட்ஸ்’ என்று ஓர் எண் இருக்கும். 2 என்றால் தீங்கற்றது. 3 என்றால் புற்றாக இருக்கும் வாய்ப்பு நூற்றுக்கு இரண்டைத் தாண்டாது. வழக்கமாக ஆறு மாதத்தில் மறுபடி ஸ்கேன். 4, 5 என்றால் ஊசிப் பரிசோதனையைத் தள்ளிப்போடக் கூடாது.

தீங்கற்றது என்று உறுதியான கட்டியை எப்போது எடுக்க வேண்டும்? வேகமாக வளர்ந்தால், மிகப் பெரிதாக இருந்தால், தொந்தரவு தந்தால், ஃபிலாய்ட்ஸ் கட்டியோ என்ற சந்தேகம் எழுந்தால். அல்லது அது வேண்டாமென்று அவளே விரும்பினால். அந்தக் கடைசிக் காரணத்தை நம் வீடுகள் காதில் வாங்குவதே இல்லை.

2002இல் குட்டி ரேவதி தன் கவிதைத் தொகுப்புக்கு ‘முலைகள்’ என்று பெயரிட்டபோது கொதித்த பண்பாடு இது. சொல்லையே ஆபாசமாக்கிவிட்டால், அந்த உறுப்பில் வலி என்று மருத்துவரிடம் எப்படிச் சொல்வாள்?

வெட்கம் மட்டுமல்ல, கூலியும் தடுக்கிறது. கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒப்பந்த வேலை செய்பவளுக்கு ஸ்கேனுக்கு ஒரு நாள், அறிக்கைக்கு ஒரு நாள், ஊசிக்கு ஒரு நாள் என்றால் மூன்று நாள் சம்பளம் போச்சு. அரசின் மார்பகப் பரிசோதனைத் திட்டம் முப்பது வயதில் தொடங்குகிறது. பத்தொன்பது வயதுக்காரி கணக்கிலேயே இல்லை.

எனவே கேட்போம். ஸ்கேனும் ஊசிப் பரிசோதனையும் தாலுகா மருத்துவமனையிலேயே, ஒரே நாளில் வேண்டும். பரிசோதனை நாளுக்குச் சம்பளத்தோடு விடுப்பு வேண்டும். அறிக்கையை அப்பாவிடமோ கணவனிடமோ அல்ல, அவளிடம் விளக்க வேண்டும். கத்தி எடுக்குமுன் மருத்துவரிடம் நாம் கேட்க வேண்டியவை: என் பைராட்ஸ் எண் என்ன? ஊசிப் பரிசோதனை சொல்வது என்ன? எடுக்காமல் கண்காணித்தால் என்ன ஆகும்?

தழும்பு எவன் கண்ணில் படும் என்பது நம் கேள்வியே அல்ல.