கேஸ் ட்ரபிள்னு வர்ற நோய்

ரொம்ப நாளா தள்ளிப் போட்டுட்டே இருந்த விஷயம். த்ரெட் கொஞ்சம் நீளம். வயசுப் பிள்ளைங்க வீட்டில் இருக்கிறவங்க, பிள்ளையை ஹாஸ்டல்ல விட்டிருக்கிறவங்க முழுசா படிங்க.

சிப்காட் பக்கம் கம்பெனி ஹாஸ்டல்ல தங்கி ஷிஃப்ட் வேலை பார்க்கிற பொண்ணு. இருபது வயசு இருக்கும். (அடையாளம் தெரியக்கூடாதுன்னு விவரங்களை மாத்தியிருக்கேன்.) "கொஞ்சம் சாப்பிட்டாலே வயிறு ரொம்பிடுது மேடம், நெஞ்சு எரியுது." அவ ஃபைல்ல எண்டோஸ்கோபி நார்மல், தைராய்டு நார்மல். நாலு இடத்தில் அதே கேஸ் மாத்திரை. வெளியே ஓபி வரிசை வராண்டா தாண்டி நிக்குது. நானும் அஞ்சாவது ஆளா அதே மாத்திரையை எழுதி அனுப்பிட்டேன்.

மூணு வாரம் கழிச்சு திரும்ப வந்தா. கூட ரூம்ல தங்கியிருக்கிற ஒரு அக்கா. நோயைக் கண்டுபிடிச்சது அந்த அக்காதான், நான் இல்ல.

"கேன்டீன்ல சாப்பாட்டை என் தட்டுல தள்ளிடுறா மேடம். என்னைக்காவது முழுசா சாப்பிட்டா உடனே பாத்ரூம் போயிடுறா. அஞ்சு மாசமா பீரியட்ஸ் இல்ல. ராத்திரி ஸ்வெட்டர் போட்டுத்தான் தூங்குறா." ஓசூர் குளிர்ற ஊர்தானேன்னு நினைக்காதீங்க, அது ஏப்ரல் மாசம். நாடி பிடிச்சுப் பார்த்தேன். நிமிஷத்துக்கு 44. அன்னைக்கே அட்மிஷன்.

எடை எத்தனை கிலோன்னு எழுத மாட்டேன். இந்த நோய் இருக்கிறவங்க யாராவது படிச்சா அந்த நம்பரோடு போட்டி போடுவாங்க. அதுவும் இந்த நோயின் குணம்தான்.

இதுக்குப் பேர் ஈட்டிங் டிஸார்டர். உணவு உண்ணுதல் சார்ந்த மனநலக் கோளாறு. பட்டினி கிடக்கிற அனோரெக்ஸியா, அளவில்லாம சாப்பிட்டுட்டு வாந்தி எடுத்தோ பேதி மாத்திரை போட்டோ வெளியேத்துற புலிமியா, வெளியேத்தாம சாப்பிட்டுட்டு வெட்கத்துல குமையற பிஞ்ச் ஈட்டிங். புலிமியா இருக்கிறவங்க பார்க்க நார்மலான உடம்போடுதான் இருப்பாங்க. வாந்தியில பொட்டாசியம் இறங்கி இதயம் திடீர்னு நின்னு போகலாம். அதனால "ஆளு நல்லாத்தானே இருக்கா"ங்கிற பேச்சுக்கு இங்க அர்த்தமே இல்ல.

"இதெல்லாம் பணக்கார வீட்டு வியாதி, வெள்ளைக்காரன் வியாதி." இந்த கமெண்ட் கண்டிப்பா வரும், அதனால முன்னாடியே சொல்லிடறேன். 1998-ல் வெளிவந்த ஒரு ஆய்வு. நம்ம சென்னையில் 210 மருத்துவ மாணவர்களைப் பார்த்ததில் 31 பேருக்கு உணவு சம்பந்தமான மன அவஸ்தை இருந்தது. முழு நோய் இல்ல, ஆனா அதோட வாசல்படி. அதுவும் இன்ஸ்டாகிராம் வர்றதுக்கு முன்னாடி. 2025 மார்ச்சில் கேரளாவில் ஒரு கல்லூரி மாணவி உடல் மெலியணும்னு மாசக்கணக்கில் பட்டினி கிடந்து இறந்தது உங்களுக்கு ஞாபகம் இருக்கலாம்.

நாங்க தவற விடுறதுக்கு இன்னொரு காரணமும் இருக்கு. "குண்டாயிடுவேனோன்னு பயமா இருக்கு"ன்னு சொல்ற நோயாளியைத்தான் புத்தகத்தில் படிச்சிருக்கோம். 1990களில் ஹாங்காங்கில் சிங் லீ என்ற மனநல மருத்துவர் பார்த்தவங்கள்ல பலர் அப்படிச் சொல்லல. வயிறு உப்புசம், பசி இல்லைன்னுதான் சொன்னாங்க. 1995-ல் டெல்லி மருத்துவர்கள் எழுதின 5 இளம்பெண்களும் அதே மாதிரி. சாப்பிட மறுப்பு, வாந்தி, எடை குறைவு, மாதவிடாய் நின்னு போனது எல்லாம் இருந்தது. குண்டா இருக்கோம்ங்கிற எண்ணம் மட்டும் இல்ல. நம்ம ஊர்ல இது கேஸ் ட்ரபிள் வேஷத்துலதான் வருது.

இப்ப வீட்டுக்காரங்ககிட்ட பேசறேன். "ஒழுங்கா சாப்பிட்டா சரியாயிடும்"னு திட்டுறது, வாயைத் திறந்து திணிக்கிறது, மந்திரிக்கக் கூட்டிட்டுப் போறது. இதெல்லாம்கூட பயத்துல செய்யறீங்க, புரியுது. "கல்யாணம் பண்ணி வச்சா சரியாயிடும்"னு சொல்றப்பதான் எனக்கு நிஜமா கோபம் வரும்.

திட்டினா ஏன் வேலைக்கு ஆகாது? 1944-45ல் அமெரிக்காவின் மின்னசோட்டாவில் ஆன்செல் கீஸ் 36 ஆரோக்கியமான இளைஞர்களை, அவங்க சம்மதத்தோடு, ஆறு மாசம் அரைப்பட்டினி போட்டுப் பார்த்தார். நாள் முழுக்க சாப்பாட்டு நினைப்பு, சமையல் புத்தகம் படிக்கிறது, எரிச்சல், யார்கூடவும் பேசாம ஒதுங்குறதுன்னு ஆயிட்டாங்க. மனசு திடமா இருந்த ஆம்பளைங்களுக்கே அந்த கதி. பட்டினி மூளையையே மாத்திடுது. அந்த மூளையோடு வாதம் பண்ணி ஜெயிக்க முடியாது.

ஜிம்முக்குப் போற பசங்களுக்கும் வரும். அவங்க இன்னும் தாமதமா வருவாங்க.

என்ன பேசலாம்? தனியா இருக்கும்போது, சாப்பாட்டு நேரத்துல இல்லாம, "உன்னைப் பார்த்தா கவலையா இருக்கு, சாப்பாடு உனக்கு பயமா இருக்கா?"ன்னு கேளுங்க. முதல் தடவை "ஒண்ணுமில்ல"ன்னுதான் பதில் வரும். ரெண்டு நாள் விட்டு திரும்பக் கேளுங்க. "இளைச்சு அழகாயிட்ட", "நல்லா பூசினாப்ல ஆயிட்ட" ரெண்டையும் வீட்டுல தடை பண்ணுங்க. மீண்டு வர்ற பிள்ளைக்கு ரெண்டாவது இன்னும் மோசம்.

மயக்கம், நெஞ்சு படபடப்பு, நிக்க முடியாத தளர்ச்சி, சாகணும்னு பேச்சு இருந்தா கிட்ட இருக்கிற அவசர சிகிச்சைக்கு உடனே வாங்க. ரொம்ப நாள் பட்டினி கிடந்த பிள்ளைக்கு பயந்துபோய் ஒரே நாள்ல பிரியாணி, ஜூஸ்னு கொடுக்காதீங்க. ரத்தத்துல பாஸ்பேட் சடார்னு இறங்கி உயிருக்கே ஆபத்தாகலாம். படிப்படியா ஏத்தணும், டாக்டர் கண்காணிப்பில்.

அவசரம் இல்லன்னா 14416. டெலி மானஸ், 24 மணி நேரமும் இலவசம். தமிழ், தெலுங்கு, கன்னடம், இந்தின்னு நம்ம ஹாஸ்டல்ல கேக்குற மொழிகள்ல பேசலாம். மாவட்ட மனநலத் திட்டத்தின் மனநல மருத்துவர் பக்கத்து அரசு மருத்துவமனைக்கு எந்த நாள் வர்றார்னு விசாரிச்சு வைங்க. பெங்களூரு நிம்ஹான்ஸ் நமக்கு தூரமே இல்ல. அத்திப்பள்ளி, எலக்ட்ரானிக் சிட்டி தாண்டி, ஓசூர் ரோட்டிலேயேதான் இருக்கு.

ஓபிக்கு வந்தா "கேஸ்"னு ஆரம்பிக்காதீங்க. "எனக்கு சாப்பிடறது பிரச்சினையா இருக்கு"ன்னு முதல் வரியிலேயே சொல்லுங்க. இல்லன்னா எங்க கை தானா அந்த மாத்திரையை எழுதிடும்.

அந்தப் பொண்ணு எட்டு மாசமா நிம்ஹான்ஸ் போய்ட்டு வர்றா. பீரியட்ஸ் திரும்ப வந்திருக்கு. ராத்திரி சாப்பாட்டுக்கு அந்த அக்கா ஷிஃப்ட் மாத்திக்கிட்டு பக்கத்துல உட்கார்றாங்க. காலை டிபன் இன்னும் சண்டைதான்.