"டேக்" என்றால் "எடு" மட்டுமா?



பெருநாள் லீவு முடிந்து பள்ளிக்கூடம் தொடங்கிய அன்று, தரம் 10 வகுப்பில் ஒரு மகள் எழுந்து "ஐ டுக் எ நியூ ட்ரெஸ்" என்று சொன்னாள். "கடைக்காரர் காணல்லையா?" என்று கேட்டுவிட்டோம். வகுப்பே சிரித்தது. அந்தப் பிள்ளை அந்தக் கிழமை முழுக்க இங்கிலிஷ் பாடத்தில் வாய் திறக்கவில்லை. பிழை எங்களுடையது.

காத்தான்குடியிலிருந்து ஓட்டமாவடி வரைக்கும் நாம் உடுப்பு எடுக்கிறோம், வாவி மீன் எடுக்கிறோம், சோதனையில் புள்ளி எடுக்கிறோம், கோல் எடுக்கிறோம். எல்லாவற்றுக்கும் ஒரே சொல். சின்ன வகுப்பிலேயே "டேக் என்றால் எடு" என்று கரும்பலகையில் எழுதிவிட்டு நாங்கள் அடுத்த சொல்லுக்குப் போய்விடுகிறோம். பிள்ளை அதை நம்புகிறது. இங்கிலிஷ்காரனுக்கோ உடுப்பு "பை", புள்ளி "கெட்". அவன் "டேக்" பண்ணும் குளிசையை நாம் போடுகிறோம், அவன் "டேக்" பண்ணும் பஸ்ஸில் நாம் ஏறுகிறோம். (நோன்பு பிடித்ததை "கேட்ச்" என்று எழுதிய கட்டுரையும் திருத்தியிருக்கிறோம்.)

கோல் விஷயம்தான் பெரிய சிக்கல். "டேக் எ கோல்" என்றால் வருகிற கோலுக்குப் பதில் சொல்வது. நமக்கு அது நாமே கோல் பண்ணுவது. சிங்களத்திலும் "கோல் எக்கக் கன்னவா" என்றுதான் சொல்கிறார்கள். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. இலங்கை இங்கிலிஷுக்கென்றே மைக்கேல் மெய்லர் 2007இல் ஓர் அகராதி வெளியிட்டிருக்கிறார். ஆனால் வெளிநாட்டுக் கம்பனிக்கு நம் வழக்கம் தெரியாது. எங்களிடம் படித்த ஒரு தம்பி கத்தார் வேலைக்கு, "ஐ வில் டேக் எ கோல் அட் டென்" என்று மெயில் போட்டான். பத்து மணிக்கு அவன் அவர்களுக்கு அடிக்க, அவர்கள் அவனுக்கு அடிக்க, இரண்டு பக்கமும் பிஸி. அடுத்த ஆளை எடுத்துவிட்டார்கள்.

வினைச்சொல்லைத் தனியாகப் பாடமாக்கி வைப்பதில் பிரயோசனமில்லை. உடுப்போடு எது, பஸ்ஸோடு எது, கோலோடு எது என்று சோடியாகவே கொப்பியில் எழுதவேண்டும். ரியூசன் எடுக்கிற தம்பி தங்கச்சிமாருக்கும் இதையே சொல்கிறோம். பெற்றோரே, வீட்டில் பிள்ளை பிழையாகப் பேசினால் சிரிக்காதீர்கள், முழுதாகச் சொல்ல விடுங்கள்.

அந்த மகளிடம் நாளைக்கு, சிரித்த அதே வகுப்புக்கு முன்னாலேயே, மன்னிப்புக் கேட்கப் போகிறோம்.