ஜீனோ மட்டும்தான் ஞாபகமா?

அறிவியல் புனைவு என்றதுமே சிலர் முகத்தில் ஒரு சிரிப்பு வரும், கவனித்திருக்கிறீர்களா? "அதெல்லாம் சரி, சாதி, கூலி, பசியைப் பேச யதார்த்தவாதம்தான் வேணும்" என்பார்கள். எனக்கு இதில் துளியும் உடன்பாடில்லை.

குண்டடத்தில் பல்லடம்–தாராபுரம் சாலையில் காலையில் நின்றால் நூற்பாலை வேன்கள் போவதைப் பார்க்கலாம். கொங்குப் பகுதி மில்கள் பலவற்றில் 'சுமங்கலித் திட்டம்' என்று ஒன்று இருந்தது. பதின்வயதுப் பெண்கள் 3 வருடம் மில் விடுதியிலேயே தங்கி வேலை செய்ய வேண்டும். நினைத்தபோது வெளியே போக முடியாது. கடைசியில் கல்யாணச் செலவுக்கென்று மொத்தமாக ஒரு தொகை. உடம்பு முடியாமல் நடுவில் நின்றுவிட்டால் பெரும்பாலும் அதுவும் கிடையாது. நெதர்லாந்து அமைப்புகள் இரண்டு 2011-இல் இதை அறிக்கையாகவே வெளியிட்டன. ஆனா நம்ம ஊர்ப் பேச்சு வேறு: "பொண்ணுக்கு நாலு பவுன் சேருதுல்ல?"

இதையே ஏதோ ஒரு கோளில் நடப்பதாக எழுதுங்கள். அங்கே கல்யாணம் வேண்டுமென்றால் பெண்கள் மூன்று வருடம் மதிலுக்குள் இயந்திரங்களுக்கு ஊழியம் செய்ய வேண்டும். பாதியில் விட்டால் கணக்கு பூஜ்யம். படிக்கிற எவருக்கும் "இந்தச் சட்டத்தைப் போட்டவன் யாருய்யா?" என்று கேட்கத் தோன்றும். யதார்த்தக் கதை அந்தப் பெண்ணின் துயரத்தைக் காட்டும். நாம் 'எல்லாம் விதி' என்று பெருமூச்சு விடுவோம். அறிவியல் புனைவு அதே விதியை, யாரோ உட்கார்ந்து எழுதிய விதியாகக் காட்டும். தமிழில் இரண்டுக்கும் ஒரே சொல்தான். மென்பொருள் எழுதிப் பிழைப்பவனாகச் சொல்கிறேன்: ஒருவர் எழுதியதை இன்னொருவர் திருத்தி எழுதலாம்.

இது புதுசும் இல்லை. காரெல் சாப்பெக்கின் 1920 நாடகம் உலகுக்குத் தந்த 'ரோபோ' என்ற சொல்லே, செக் மொழியில் கட்டாய ஊழியத்தைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது. அதற்கும் முன்னால், 1905-இல், வங்கத்தின் பேகம் ருகையா 'சுல்தானாவின் கனவு' எழுதினார். அங்கே ஆண்கள் அந்தப்புரத்துக்குள். பெண்கள் சூரிய சக்தியை வசப்படுத்தி நாட்டை நடத்துகிறார்கள். யார் உள்ளே, யார் வெளியே என்பதை மாற்றிப் போட்டார், அவ்வளவுதான். அது அச்சானது எங்கே தெரியுமா? நம்ம சென்னையில், கமலா சத்தியநாதன் நடத்திய பத்திரிகையில்.

சுஜாதாவின் 'என் இனிய இயந்திரா'வில் அரசாங்கம் மனிதர்களின் பெயரை இரண்டெழுத்தாகச் சுருக்குகிறது. பிள்ளை பெறவும் அனுமதி வேண்டும். நமக்கு ஞாபகம் இருப்பதோ ஜீனோ என்கிற இயந்திர நாய். பிறகு ரோபோவுக்குக் காதல் வந்தது, கால இயந்திரம் நேராகச் சோழர் அவையில் போய் இறங்கியது. அந்த இயந்திரத்துக்குத் திருகாணி முடுக்கிய பெண்ணுக்கு எவ்வளவு கூலி, அவள் விடுதியின் பூட்டு எந்தப் பக்கம் என்று கேட்ட கதைகள் அபூர்வம்.

கதை படித்தால் அநீதி ஒழிந்துவிடும் என்று நான் சொல்லவில்லை. வழக்கும் தொழிற்சங்கமும் செய்ய வேண்டிய வேலையைக் கதை செய்யாது. ஆனால் பழகிப்போன கண்ணுக்கு மில் வேன் வெறும் வேன்தான். அந்தப் பழக்கத்தை உடைக்கவாவது கதை வேணும். செவ்வாய்க்குத் தாராளமாகப் போங்கள். அங்கே டீக்கடை போட்டால் எத்தனை வகை டம்ளர் வைப்பார்கள் என்பதையும் எழுதுங்கள்.