பல துறை நூல்களும் நமது கிளை நூலகங்களும்

நகரின் மேற்குப் புறத்தே அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி என்னும் ஊர்களைச் சார்ந்த கிளை நூலகம் ஒன்றில் சென்ற மாதம் ஒரு மாலைப் பொழுதைக் கழிக்க நமக்கு நேர்ந்தது. உட்கார இடமில்லாதபடி வாலிபர்கள் நிறைந்திருந்தார்கள். அது கண்டு உவகை கொண்டோம். ஆயினும் சற்று நேரம் நின்று கவனித்தபோது, அத்தனை பேர் முன்னிலும் விரிந்திருந்தவை சர்க்கார் உத்தியோகப் பரீட்சைக்கான வினா விடைத் தொகுப்புக்களே என்பது தெரிந்தது. சுவரோரத்து அலமாரிகளில் சரித்திரமும், நாவலும், வான சாஸ்திரமும், பழைய இலக்கியங்களின் உரைகளும் தூசு படிந்து நின்றன. அவற்றுள் தாவர சாஸ்திர நூல் ஒன்றை எடுத்துப் பார்த்தோம். கடைசியாக அதனை ஒருவர் இரவல் கொண்டு சென்று ஒன்பது வருஷங்கள் ஆகியிருந்தன.

இந்த வாலிபர்களைக் குறை கூறுவது நம் நோக்கமன்று. வீட்டில் தனி அறை இல்லாதவனுக்கும், விலை கொடுத்துப் புத்தகம் வாங்க இயலாதவனுக்கும் நூலகத்தின் மேஜையும் மின்விளக்குமே புகலிடம். அவன் உத்தியோகம் தேடுவது நியாயம். அதற்கு நூலகம் துணை செய்வதும் நியாயம். நாம் கேட்பது வேறு. பரீட்சை முடிந்த மறுநாள் அவன் அந்த வாசற்படியை மீண்டும் மிதிப்பானா? மிதித்தால் எந்த அலமாரியின் முன் நிற்பான்? இக்கேள்விக்கு நல்ல விடை கிடைக்காவிடில், நம் நூலகங்கள் ரயில் நிலையத்துத் தங்குமிடம் போல் ஆகிவிடும். அங்கே கூட்டம் இருக்கும். தன் வண்டி வந்தவுடன் ஒவ்வொருவரும் அவ்விடத்தை மறந்து போவர்.

உத்தியோகம் பெற்றுக் குடும்பம் நடத்துகிறவர்களின் நிலையும் இதனினும் மேலாக இல்லை. பக்தி நூல் படிப்பவர் பக்தி நூலையன்றி வேறொன்றைத் தொடுவதில்லை. அரசியல் படிப்பவர் தம் கட்சியின் வெளியீடுகளோடு நின்றுவிடுகிறார். கதை படிப்பவருக்குச் சரித்திரம் கசக்கிறது. சாஸ்திரம் படித்தவர் கவிதையை வீண் பொழுதுபோக்கு என்கிறார். இக்காலத்துக் கைபேசியோ, ஒருவன் நேற்று எதை விரும்பினானோ அதையே இன்றும் அவன் முன் கொணர்ந்து வைக்கிறது. தன் குரலின் எதிரொலியைக் கேட்டுவிட்டு, உலகமே தன்னை ஆமோதிப்பதாக அவன் எண்ணிக்கொள்கிறான்.

வக்கீல் தொழில் புரிந்தவர்கள் ஓர் உண்மையை அனுபவத்தால் அறிவார்கள். தம் கட்சிக்காரரின் தஸ்தாவேஜுகளை மட்டும் படித்துக்கொண்டு நியாயஸ்தலத்துக்குப் போகிறவர், எதிர்க்கட்சி வக்கீல் எழுந்து பேசத் தொடங்கியவுடன் திகைத்துப் போவார். எதிரியின் வாதத்தை எதிரியைவிட நன்றாக அறிந்தவரே தம் வழக்கைச் செவ்வையாக நடத்தவல்லவர். இரு திறத்தாரையும் கேளாமல் தீர்ப்புக் கூறலாகாது என்பது நீதியின் பாலபாடம். வோட்டுரிமை பெற்ற ஒவ்வொரு பிரஜையும் ஒரு நீதிபதியாகவே இருக்கிறான். அவன் ஒருதலைப்பட்சமாகப் படித்தவனாக இருப்பானாகில், அவன் அளிக்கும் தீர்ப்பு எங்ஙனம் செவ்விதாகும்?

இஃது அயல் நாட்டிலிருந்து நாம் கடன் வாங்க வேண்டிய கருத்தன்று. பூந்தமல்லிக்கு மேற்கே சிறிது தூரத்தில் திருமழிசை இருக்கிறது. அவ்வூரில் அவதரித்த ஆழ்வார் சாக்கியம், சமணம், சைவம் முதலான சமயங்களின் நூல்களையெல்லாம் கற்று ஆராய்ந்து, அதன் பின்னரே வைஷ்ணவத்தில் நிலைபெற்றார் என்பது குருபரம்பரை கூறும் மரபு. அவருடைய உறுதி பிறர் நூல்களைப் பாராமையால் வந்த உறுதியன்று. பார்த்து, எடைபோட்டுத் தேர்ந்தமையால் வந்த உறுதி.

பூந்தமல்லிக்குத் தெற்கே சில மைல் தூரத்தில் சேக்கிழார் பிறந்த குன்றத்தூர் இருக்கிறது. சோழ மன்னன் சமண காவியமாகிய சீவக சிந்தாமணியில் ஈடுபட்டிருந்ததைக் கண்டே, அமைச்சராகிய சேக்கிழார் சிவனடியார் வரலாற்றை எடுத்துரைத்துப் பெரிய புராணம் பாடினார் என்பர். இவ்வரலாற்றில் நாம் கவனிக்க வேண்டியவை இரண்டு. சைவனாகிய அரசன் வேற்றுச் சமயத்து நூலை அதன் கவிதைச் சுவைக்காக விரும்பிக் கேட்டான் என்பது ஒன்று. அதனை ஏற்காத அமைச்சர் அந்நூலைத் தடுக்கும்படி கேட்கவில்லை, எரிக்கும்படியும் கேட்கவில்லை, ஒரு நூலுக்கு மற்றொரு நூலாலேயே விடையளித்தார் என்பது மற்றொன்று. இதனால் தமிழ் இரண்டு மகா காவியங்களை உடையதாயிற்று. புத்தகங்களைத் தடைசெய்யும்படி கூக்குரல் எழுப்பும் வழக்கம் எல்லாக் கட்சிகளிலும் தலைகாட்டுகின்ற இந்நாளில், குன்றத்தூரார் காட்டிய வழி நினைக்கத்தக்கது.

அதே சிந்தாமணியின் பிற்காலக் கதை இன்னும் சிறந்த பாடமாகும். 1880-ஆம் வருஷத்தில் கும்பகோணத்தில் முன்சீபாக வந்து சேர்ந்தவர் சேலம் இராமசாமி முதலியார். ஆங்கிலக் கல்வியும் சட்டப் பயிற்சியும் பெற்ற அவரைக் காண, அவ்வூர்க் கல்லூரியின் தமிழ்ப் பண்டிதராகிய உ. வே. சாமிநாதையர் சென்றார். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் தாம் கற்ற அந்தாதிகளையும், பிள்ளைத்தமிழ்களையும், கோவைகளையும், புராணங்களையும் ஐயர் அடுக்கிக்கொண்டே போனார். முதலியார் அவற்றால் வியப்படையவில்லை. சிந்தாமணியும் சிலப்பதிகாரமும் மணிமேகலையும் படித்ததுண்டா என்று கேட்டார். ஐயரிடம் விடையில்லை.

அதன் பின் நிகழ்ந்ததே நமக்கு முக்கியம். தமது புலமை குறைகூறப்பட்டதாக ஐயர் சினங்கொண்டு அகன்றாரில்லை. சிந்தாமணியைப் பாடங்கேட்கப் புகுந்தவர்போல் ஊன்றிப் படிக்கத் தொடங்கினார். சைவ மரபில் வளர்ந்தவராதலின் சமண சமயத்துச் சொற்களும் கொள்கைகளும் அவருக்கு விளங்கவில்லை. கும்பகோணத்து ஜைனர்களின் இல்லங்களுக்குச் சென்று, கற்பிக்கும் தொழிலை உடைய பண்டிதர் மாணாக்கராக இருந்து கேட்டறிந்தார். 1887-இல் சிந்தாமணி அச்சேறியது. பத்துப்பாட்டு 1889-இலும், சிலப்பதிகாரம் 1892-இலும், புறநானூறு 1894-இலும், மணிமேகலை 1898-இலும் தொடர்ந்து வெளிவந்தன. சைவர் ஒருவர் ஜைன காவியத்தையும் பௌத்த காவியத்தையும் ஏட்டுச் சுவடியினின்று மீட்டளித்தார். அன்று அவர் தமக்குப் பழகிய பிரபந்தங்களே போதுமென்று இருந்திருப்பாராகில், நாம் இன்று பெருமையுடன் எடுத்துப் பேசும் தொன்மையின் பெரும்பகுதியை அறிந்திருக்கவே மாட்டோம். அவரைத் தூண்டிய முதலியாரோ, இந்தியாவின் நிலையை ஆங்கில வாக்காளரிடம் எடுத்துரைக்க 1885-இல் இங்கிலாந்துக்கு அனுப்பப்பட்ட பிரதிநிதிகள் மூவருள் ஒருவர். சட்டமும், ராஜீய விவகாரமும், பழந்தமிழும் ஒரே மனத்தில் ஒருங்கே குடியிருக்கக்கூடும் என்பதற்கு அவரே சான்று.

இவ்விடத்து ஓர் ஆட்சேபம் எழக்கூடும். பலவற்றையும் தொடுகிறவன் நுனிப்புல் மேய்கிறவனாவான். ஒன்றை ஆழ்ந்து கற்பதே மேல் என்பர். ஆழம் வேண்டும் என்பதை நாம் மறுக்கவில்லை. ஆனால் ஐயர் பல துறைகளில் புகுந்தது ஆழத்தை விட்டன்று, ஆழத்தின் பொருட்டே ஆகும். சிந்தாமணியின் ஒரு செய்யுளை விளங்கிக்கொள்ள இசையும், சமயமும், வானநூலும், பழைய வழக்காறுகளும் அவருக்கு வேண்டியிருந்தன. கிணறு ஆழமாக வேண்டுமானால் அதன் வாய் அகலமாக இருத்தல் வேண்டும் என்பதைக் கிணறு வெட்டுகிறவனே சொல்லுவான். குறுகிய வாயில் மண் சரிந்து வெட்டுகிறவனையே மூடிவிடும்.

இனி நமது கடமைக்கு வருவோம். சென்னைப் பொது நூலகச் சட்டம் 1948-இல், அவினாசிலிங்கம் செட்டியார் கல்வி மந்திரியாக இருந்த காலத்தில் நிறைவேறியது. சுதந்திர இந்தியாவில் இத்தகைய சட்டம் இதுவே முதலாவது. 1924 முதல் சென்னைச் சர்வகலாசாலையின் நூலகராக இருந்து, கணித ஆசிரியராகத் தொடங்கிய வாழ்வை நூலக சாஸ்திரத்துக்கே அர்ப்பணித்த சீர்காழி இரங்கநாதனின் இடையறா உழைப்பு அதன் பின்னே நின்றது. வாசகன் ஒவ்வொருவனுக்கும் அவனுக்குரிய நூல் கிடைக்க வேண்டும் என்பதோடு அவர் நிற்கவில்லை. நூல் ஒவ்வொன்றும் தனக்குரிய வாசகனை அடையவேண்டும் என்பதையும் ஒரு விதியாக 1931-இலேயே வகுத்தார். ஒன்பது வருஷம் தீண்டப்படாமல் நின்ற அந்தத் தாவர நூல் இவ்விதியின்படி நம்மீது பிராது கொடுத்து நிற்கிறது.

அச்சட்டம் சொத்து வரியின் ரூபாய் ஒன்றுக்கு ஆறு பைகள் என்று நூலக வரியை விதித்தது. இன்று அது ரூபாய்க்கு 10 பைசாவாக இருக்கிறது. அம்பத்தூர் 2011 முதல் சென்னை மாநகராட்சியைச் சேர்ந்தது, ஆவடி 2019 முதல் தானே ஒரு மாநகராட்சி, பூந்தமல்லி நகராட்சி. மூன்று ஊர்களிலும் வீடு உடையவர் ஒவ்வொருவரும் இவ்வரியைச் செலுத்திவருகிறார். ஆகவே கிளை நூலகம் யாரோ மனமிரங்கி வைத்த தண்ணீர்ப்பந்தலன்று, நமது சொந்த உடைமை. உடைமைக்காரர் கணக்குக் கேட்பதில் தவறென்ன? வசூலான வரி நூலக ஆணைக்குழுவிடம் உரிய காலத்தில் சேர்ந்ததா, சேர்ந்தது புத்தகமாக மாறியதா என்று கேட்பது நமது உரிமை மட்டுமன்று, கடமையுமாகும். கோட்டூர்புரத்தில் 2010-இல் அண்ணா நூற்றாண்டு நூலகமும், மதுரையில் 2023-இல் கலைஞர் நூற்றாண்டு நூலகமும் எழுந்தது பெருமைக்குரியதே. ஆயினும் ஆவடித் தொழிற்சாலையில் வேலை முடிந்து களைத்து வருகிற தொழிலாளி கோட்டூர்புரம் போய்ப் படித்து மீள்வது எளிதன்று. அவனுக்குரிய சர்வகலாசாலை அவன் தெருக்கோடியிலுள்ள கிளை நூலகமே.

ஆதலின் நாம் அதிகாரிகளுக்குக் கூறுவன மூன்று. பரீட்சைக்குப் படிப்போருக்கென்று தனி அறை ஒதுக்குக. அதனால் அவர்களுக்கும் நன்மை, ஏனையோருக்கும் இடம் கிடைக்கும். தொழிலாளர் வேலை முடித்து வரும் நேரத்தில் நூலகக் கதவு திறந்திருக்கச் செய்க. புத்தகம் வாங்குகையில் அவ்வூர் வாசகர் என்னென்ன கேட்டனர் என்பதைப் பதிவேட்டில் எழுதி வைத்து அதனையும் மதிக்க.

ஜனங்களுக்குக் கூறுவது ஒன்றே. நூலகத்திலிருந்து மூன்று புத்தகங்கள் எடுத்து வருவீராயின், இரண்டு உமது விருப்பப்படி இருக்கட்டும். மூன்றாவது, நீர் இதுவரை புகாத துறையினின்றும், கூடுமானால் உமது கொள்கைக்கு மாறான பக்கத்தினின்றும் வரட்டும். அது பிடிக்காவிடில் திருப்பிக் கொடுத்துவிடலாம், நஷ்டம் ஒன்றுமில்லை. பிடித்துவிட்டாலோ, கும்பகோணத்தில் முன்சீபு கேட்ட கேள்வியால் ஒரு பண்டிதருக்கு வாய்த்த பாக்கியம் உமக்கும் ஒரு சிறிது வாய்த்ததாகும். நூலக வரியை நாம் ஆண்டுதோறும் தவறாமல் கட்டுகிறோம். அதன் பலனை மட்டும் அலமாரியிலேயே விட்டு வருவது எவ்விதச் சிக்கனம்?